என் மீது வழக்கு ஏதுமில்லை

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

மார்த்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

ஜூலை மாதத்து மழை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, காரைக்கால் கோர்ட் வாசலில் நின்றவர்களையெல்லாம் விரட்டிவிட்டிருந்தது. அப்படி ஓடி வந்தவர்களில் ஒருவன்தான் இவன். தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் மேசையில் விழ, பதறிப்போய் உள்ளங்கையால் துடைத்தான். துடைத்ததில் மேசை இன்னும் நனைந்தது. கறுத்த முகம்... உப்புக்காற்றில் ஓரம் சிவந்த கண்கள்... அந்தக் கண்களில் ஒரு பிடிவாதம். அழகான பிடிவாதம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

நோட்டரி வக்கீல் சாரதாம்பாள் அலுவலகத்தில் மூன்று வருடமாக டைப் அடிக்கிறாள் மார்த். கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கான உறுதிமொழிப் பத்திரம் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும். பெயர், அப்பா பெயர், ஊர்... இந்த மூன்றை மாற்றினால் போதும். நான்காவது பத்தி மட்டும் யாருக்கும் மாறியதே இல்லை. 'என் மீது குற்ற வழக்கு ஏதுமில்லை, இருந்ததுமில்லை.' அதை யாரும் படித்ததுமில்லை.

"ஏன் போட மாட்டீங்க? பேர்ல ஏதும் தப்பா?"

"பேரெல்லாம் சரிதாங்க. நாலாவது பத்திதான் பொய். எம்மேல ரெண்டு கேஸ் இருந்துச்சு."

வீட்டில் இரண்டு தங்கச்சி இருக்கிறார்கள் என்பது போல அதைச் சொன்னான்.

"கொலையா?" என்றாள் மார்த் வேண்டுமென்றே.

"அவ்ளோ தைரியம் இல்லீங்க."

சிரிக்கக்கூடாது என்று நினைப்பதற்குள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். வெளியே மழை கொஞ்சம் தாராளமாகவே பெய்தது.

பெயர் செம்பியன். ஊர் திருவேட்டக்குடி. பி.ஏ. முடித்துவிட்டு, மூன்று வருடமாக அப்பாவின் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறான். இப்போது இருபத்து நான்கு வயதில் சட்டம் படிக்க வேண்டும் என்று வந்து நிற்கிறான்.

முதல் வழக்கு பதினெட்டு வயதில். அக்கா கல்யாணம் சந்திரபாடியில். மாப்பிள்ளை வீட்டுக்கு மீன் கொண்டுபோன ஐஸ் பெட்டியில், வஞ்சிரத்துக்கு அடியில் எட்டு பிராந்தி பாட்டில். நண்டலாறு செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"இந்தப் பக்கம் கடையில பில்லு போட்டு வாங்கினதுங்க. ஆத்தைத் தாண்டுனா தமிழ்நாடு, அங்க அது கடத்தலாம். எங்க ஊர்ல அதை யாரும் தப்புன்னே நினைக்க மாட்டாங்க. கல்யாணம்னா வெத்தலை பாக்கு மாதிரி அதுவும் ஒண்ணு."

"ரெண்டாவது?"

"அது சொல்லவே வெக்கமா இருக்கு. கபடியில தோத்துட்டு வந்தோம். கோட்டுச்சேரியில ஜெயிச்ச பசங்க பஸ்ல உக்காந்துகிட்டு கத்துனானுங்க. கண்ணாடிய ஒடச்சிட்டேன். பத்தொம்பது வயசு... புத்தி இல்ல."

"ரெண்டுலயும் என்னாச்சு?"

"தரங்கம்பாடி கோர்ட்ல ஏதோ படிச்சாங்க, ஒண்ணும் புரியல. ஆமான்னு சொல்லிட்டா ஃபைனோட வீட்டுக்குப் போயிடலாம்னு பக்கத்துல நின்னவர் சொன்னார். ஆமான்னேன். இங்கயும் அதேதான். ஆமான்னா குற்றவாளின்னு எழுதுவாங்கன்னு யாருமே சொல்லலீங்க." மேசையில் மிச்சமிருந்த ஈரத்தை விரலால் இழுத்தான். "எங்க கடற்கரையில இப்படி ஆமான்னு சொன்ன பசங்க நெறைய பேர் இருக்கானுங்க. பக்கத்துல நின்னு, 'கொஞ்சம் இருடா, யோசிச்சு சொல்லு'ன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல? அதான் படிக்கணும்ங்கறேன்."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக நான்காவது பத்தியை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள் மார்த். இரண்டு வழக்கும், வருடமும், கட்டிய அபராதமும். அடிக்க அடிக்க அவன் குனிந்து திரையைப் பார்த்தான். ஈரச் சட்டை, ஐஸ், கடல் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. அவளுக்கு இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது.

"உங்க பேர் என்னங்க?"

"மார்த்."

"மார்ச்சா?"

"மார்ச்சுமில்ல ஏப்ரலுமில்ல. மார்த். எங்க அப்பாவோட அம்மா பேரு. நாங்க பிரெஞ்சு சிட்டிசன்."

"அடேயப்பா. பாரீஸ் ஆளுகிட்டயா நான் ஐஸ் பெட்டி கதைய சொன்னேன்!"

"பாரீஸை நான் ஃபோட்டோலதான் பாத்திருக்கேன். சந்திரபாடியைக்கூடப் பாத்ததில்ல."

"கூட்டிட்டுப் போறேன். பாட்டில் இல்லாம."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மழை நின்று வெகுநேரமாகியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

*

அந்த ஒரு பத்திரத்துக்காக நான்கு முறை வந்தான். தரங்கம்பாடி தீர்ப்பின் நகல் ஒரு நாள், அபராதம் கட்டிய ரசீது ஒரு நாள், 'ஜெராக்ஸ் மங்கலா இருக்குங்க' என்று ஒரு நாள்... நான்காவது நாள் காரணம் எதுவும் கிடைக்காமல், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று வந்து நின்றான். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்தார்கள். அவன் பேசினான், அவள் கேட்டாள். அவள் பேசியபோது அவன் அவள் கண்களையே பார்த்தான். டீ ஆறிப்போனது.

"பயமா இல்லையா? உண்மைய எழுதுனா சீட்டு குடுக்காம போயிட்டா?"

"பயந்தாங்க. ஆனா பொய் எழுதிட்டு வக்கீலாகி, யாரைப் பார்த்து உண்மைய சொல்லுன்னு சொல்றது?"

'இவன்தான்' என்று அப்போது நினைத்தாள் மார்த். அவ்வளவு தெளிவாக அதற்கு முன் அவள் எதையும் நினைத்ததில்லை.

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, "தங்கல் கடலுக்குப் போறோம், திரும்ப நாலஞ்சு நாள் ஆகும், அப்ளிகேஷனை நீங்களே ஏத்திடுங்க" என்றான். அந்த அலுவலகத்தில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. அடித்ததில் திருத்தம் வந்தால் ஆளை மறுபடி அலைக்கழிக்க வேண்டாம் என்று, வெறும் தாள் ஒன்றின் அடியிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடலுக்குப் போகிறவர்கள், வெளிநாடு கிளம்புகிறவர்கள் எல்லாரும் போட்டுவிட்டுத்தான் போவார்கள். செம்பியனும் போட்டான். அவளிடம் கொடுக்கும்போது ஒரு நொடி தாளை விடாமல் பிடித்துக்கொண்டான்.

"உங்ககிட்டங்கறதால குடுக்கறேன்."

"நம்பிக்கை இருக்குல்ல?"

"அது இல்லாமலா..."

*

அன்று சாயங்காலமே விஷயம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. டீக்கடையில் பார்த்த யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா ழான்-போல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதட்ட மாட்டார், கத்த மாட்டார். கேள்வி மட்டும் கேட்பார். அதுதான் கஷ்டம்.

"யாரும்மா அந்தப் பையன்?"

"லா காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கார்ப்பா."

"கடற்கரைப் பையன்னு சொன்னாங்களே."

"ஆமாப்பா."

அவர் அதற்கு முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"அவன் கசியே எப்படி?"

கசியே என்றால் ஒருவர் மேல் என்னென்ன குற்றம் பதிவாகியிருக்கிறது என்று சர்க்கார் தரும் சான்று. மற்ற வீடுகளில் ஜாதகம் கேட்பார்கள், இந்த வீட்டில் கசியே கேட்பார்கள். பென்ஷனிலிருந்து பேரப்பிள்ளையின் குடியுரிமை வரை எல்லாமே கறையில்லாத காகிதத்தால் வந்தது என்று நம்புகிற குடும்பம் அது. நம் ஊரில் மனிதர்களை விட அவர்களுடைய காகிதத்துக்குத்தான் மரியாதை என்பதை ழான்-போல் எல்லாருக்கும் முன்பே தெரிந்துகொண்டவர்.

அப்போது அவள், 'ரெண்டு சின்ன கேஸ் இருக்குப்பா, ஆனா என்கிட்ட ஒண்ணுவிடாம சொன்னவர்ப்பா' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்.

"சுத்தம்ப்பா," என்றாள் மார்த்.

"அப்படின்னா சரி. சீட்டு கெடைச்சதும் வரச் சொல்லு, பேசலாம்."

இரவெல்லாம் அவள் காதில் அந்த 'சுத்தம்' கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் அலுவலகம் போய், அவன் கையெழுத்திட்டிருந்த இரண்டு தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றில் உண்மை. இன்னொன்றில் வெறுமை. கடைசித் தேதி நாளை மறுநாள். அவன் கடலில் இருக்கிறான்.

சீட்டு கிடைக்காவிட்டால்? அப்பா விசாரித்தால்? அபராதம் கட்டி முடிந்துபோன கேஸை யார் தோண்டப்போகிறார்கள்? அவனுக்கு நல்லதுதானே செய்கிறேன்... இப்படித்தான் யோசித்தாள். தப்பு செய்யப்போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் யோசிப்பார்கள், அவளுக்கு அது தெரியவில்லை.

வெறும் தாளைப் பிரிண்டரில் வைத்தாள். பழைய நான்காவது பத்தி அவன் கையெழுத்துக்கு மேலே அழகாக வந்து உட்கார்ந்தது. 'என் மீது குற்ற வழக்கு ஏதுமில்லை, இருந்ததுமில்லை.' சாரதாம்பாள் சாயங்காலம் அடுக்கிலிருந்த இருபது தாள்களோடு அதற்கும் முத்திரை குத்தினார். ஒன்றையும் படிக்கவில்லை. விண்ணப்பத்தை அவளே இணையத்தில் ஏற்றினாள். அசலை உறையில் போட்டு ஒட்டினாள்.

*

சீட்டு கிடைத்தது.

ஒரு பை நிறைய வாவல் மீனோடு ஓடிவந்தான் செம்பியன். "பாத்தீங்களா? உண்மைய எழுதியே கெடைச்சிருச்சு!" என்றான். அவன் கண்களில் அவ்வளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் மார்த் மீன் பையைப் பார்த்தாள்.

"அப்பா உங்களைப் பாக்கணும்னார்," என்றாள்.

"வர்றேன். முதல் லீவுல நல்ல சட்டை போட்டுட்டு வர்றேன்."

ஒட்டிய உறையைப் பிரிக்காமல் அப்படியே கல்லூரியில் கொடுத்துவிட்டு ஹாஸ்டலில் சேர்ந்தான். தினமும் வாட்ஸப்பில் செய்தி வரும். இன்று ஒப்பந்தச் சட்டம் நடத்தினார்கள்... இன்று கேஸ் படித்தேன், என் கேஸ் மாதிரியே இருந்தது... அவளும் பதில் போடுவாள். 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று எழுதுவாள், அழிப்பாள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமையோடு செய்தி நின்றது.

வியாழக்கிழமை சாரதாம்பாள் போனை வைத்துவிட்டு, மேசையை ஓங்கித் தட்டினார்.

"அந்தத் திருவேட்டக்குடிப் பையன் சீட்டை கேன்சல் பண்ணிட்டாங்களாம். போலீஸ் ரிப்போர்ட்ல ரெண்டு கேஸ் வந்திருக்கு, பத்திரத்துல இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கான். அதுல எம் முத்திரை வேற!"

"மேடம்..."

"கேஸுக்காக எடுக்கலையாம், அதான் கொடுமை. கல்லெறிஞ்ச கேஸு இருக்குன்னு எழுதிக் குடுத்த பையன் ஒருத்தன் அதே கிளாஸ்ல உக்காந்து படிச்சிட்டிருக்கானாம். மறைச்சதுக்குத்தான் எடுத்திருக்காங்க. முட்டாப் பய, ஏன் மறைச்சான்?"

உண்மையை அப்படியே விட்டிருந்தால் அவன் இந்நேரம் வகுப்பில் இருந்திருப்பான். அவனைக் கெடுத்தது பாட்டிலும் இல்லை, பஸ் கண்ணாடியும் இல்லை. அவள்தான். அவளுடைய அன்புதான்.

அவன் வந்து சண்டை போடுவான் என்று காத்திருந்தாள். வரவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்று வாரம்... சண்டை போட வந்திருந்தால்கூடக் கொஞ்சம் தாங்கியிருப்பாள்.

நவம்பரில் ஒரு காலை, அவள் தனக்கே ஒரு பத்திரம் அடித்தாள். செம்பியன் உண்மையைத்தான் எழுதினார், வெறும் தாளில் பொய்யை அடித்து மாற்றியவள் நான். கையெழுத்துப் போட்டு சாரதாம்பாள் முன்னால் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதுல முத்திரை வெச்சா நாளைலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல. உம்மேல கேஸும் வரலாம். தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"உங்க அப்பாவுக்கு?"

"அதையும் சொல்லிட்டேன். ராத்திரிலேருந்து எங்கிட்ட பேசல."

சாரதாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

*

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். திருவேட்டக்குடியில் ஒரு படகும் கடலில் இல்லை. எல்லாவற்றையும் மணல் மேட்டுக்கு இழுத்து வைத்திருந்தார்கள். பகல் மூன்று மணிக்கே வானம் இருட்டி, மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

படகுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான் செம்பியன். அவளைப் பார்த்தான். மறுபடி கயிற்றைப் பார்த்தான்.

"இந்த மழையில ஏன் வந்தீங்க?"

"நான்தான் மாத்துனேன்."

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"காலேஜ்ல அந்தத் தாள மேசையில வெச்சு, இது உன் கையெழுத்தான்னு கேட்டாங்க பாருங்க... அப்பவே." முடிச்சை ஒரு இழுப்பு இழுத்தான். "வெறுந்தாள்ல போட்டது யார்கிட்டன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல? வேற யாராச்சும் மாத்தினாங்களான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க. அதுல ஒரு அம்மா, 'பயப்படாம சொல்லுப்பா, சீட்டைக் காப்பாத்தலாம்'னுகூட சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான் எழுதினேன்னேன்."

காற்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அவள் அதைப் பிடிக்கவே இல்லை.

"ஏன்...?" என்றாள்.

"சொன்னா உங்க மேல கேஸ் வரும். ஒரு கேஸை வெச்சுகிட்டு நடமாடுறது எப்படின்னு எனக்குத் தெரியும். எந்த ஃபாரத்தைப் பாத்தாலும் கண்ணு முதல்ல நாலாவது பத்தியைத்தான் தேடும். உங்களுக்கு அது வேணாம்னு தோணுச்சு." முதல் தடவையாக நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான். பழைய பிடிவாதம் அங்கே இல்லை. தூக்கமில்லாத சிவப்பு மட்டும்தான் இருந்தது. "இப்ப நீங்க சொல்லுங்க. ஏன் பண்ணீங்க?"

"உங்களைப் புடிச்சிருந்துச்சு."

"யாரை?"

"செம்பியன்..."

"எந்தச் செம்பியனை? கேஸ் இருக்குன்னு சொல்லி மழையில வந்து நின்னானே, அவனையா? இல்ல, எதுவுமே இல்லைன்னு நீங்க டைப் அடிச்சீங்களே, அவனையா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. பொய் சொல்ல அவளிடம் இனி எதுவும் இல்லை.

"அப்பா கேட்டார். சுத்தம்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு ஏத்த மாதிரி உங்களை மாத்தப் பாத்தேன்," என்றாள். அழுகையை அடக்கவில்லை. "வெக்கப்பட்டேன், செம்பியன். உங்களை நினைச்சு ஒரு நாள்... ஒரே ஒரு நாள் வெக்கப்பட்டேன்."

அவன் கயிற்றை விட்டுவிட்டான்.

"ஜெராக்ஸ் கடை எங்க ஊர்லயே இருக்குங்க," என்றான் மெதுவாக. "உங்களைப் பாக்கத்தான் அத்தனை தடவை வந்தேன். ஏன் தெரியுமா? அந்த ரெண்டையும் சொன்னப்ப நீங்க சேரை பின்னால தள்ளல. சிரிச்சீங்க. முழுசா என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்கன்னு கடல்ல இருக்கும்போதெல்லாம் நினைச்சுப்பேன். அதைப் போய் அழிச்சிட்டீங்களே..."

மழை பலத்தது. படகின் ஓரமாக ஒதுங்கச் சொல்லிக் கையால் காட்டினான். அவள் ஒதுங்கினாள். அவன் வெளியிலேயே நின்றான்.

"உண்மைய எழுதி, கையெழுத்துப் போட்டு, காலையில காலேஜுக்குப் பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன்," என்றாள்.

"ஐயோ... ஏங்க? யார் அனுப்பச் சொன்னா உங்களை?" பதறிவிட்டான். "சீட்டை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. இந்த வருஷம் திரும்பக் கெடைக்காது. நான் வேற அவங்க முகத்துக்கு நேரா பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அடுத்த வருஷம் நீங்க திரும்ப அப்ளிகேஷன் போடுவீங்கல்ல? அப்ப, அந்தப் பத்திரத்தை மாத்தினது யாருன்னு கேப்பாங்க. எம் பேரை எழுதுங்க. கூசாம எழுதுங்க."

செம்பியன் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"அப்ப அந்தப் பொய்யோட சேத்து எனக்கு மூணு. உங்களுக்கு ஒண்ணு. நல்ல ஜோடிதான்."

ஜோடி என்ற வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. எடுக்கவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை.

"என்னை மன்னிப்பீங்களா?"

"இல்லீங்க." யோசிக்காமல் சொன்னான். "முடியல. காலையில எழுந்து வலையைத் தூக்கும்போது, இந்நேரம் கிளாஸ்ல இருந்திருப்பேனேன்னு தோணுது. தோணும்போதெல்லாம் உங்க மேல கோவம் வருது. எப்பப் போகும்னு தெரியல. போகாமலேகூட இருக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள். போக வேண்டும் என்று காலுக்குத் தெரிந்தது. திரும்பினாள்.

"மார்த்."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கோவம் போகலங்கறது உண்மை. ஆனா..." மழைத்தண்ணீர் கண்ணில் இறங்க இறங்க, அதைத் துடைக்காமல் சொன்னான், "உங்களைப் புடிக்கலைன்னு மட்டும் என்னால எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட முடியாது."